பழைய புத்தகத்துல கத்தரி வைக்கிறதுக்கு முன்னாடி தாளைத் தொட்டுப் பாருங்க

பழைய புத்தகம், பழைய பத்திரிகை இதையெல்லாம் வச்சு ஏதாவது அழகா செய்யலாம்னு ஆரம்பிக்கிறவங்க நிறைய பேர் முதல்ல ஒரு வீடியோ பாக்குறாங்க, அதுல வர்ற காகிதப் பூவோ நட்சத்திரமோ அப்படியே செய்யணும்னு கைக்குக் கிடைச்ச புத்தகத்தை எடுத்துக் கிழிக்கிறாங்க, கடைசில இதழ் வளையாம ஒடிஞ்சு போகுது, இல்லன்னா பசை பட்ட இடமெல்லாம் அலை அலையா நெளிஞ்சு நிக்குது, உடனே நமக்கெல்லாம் கைவேலை வராதுன்னு மூட்டை கட்டி ஓரமா வச்சுடறாங்க. கை மேல ஒரு குத்தமும் கிடையாது. அந்தத் தாள் அந்த வேலைக்கு ஆகாத தாள், அவ்வளவுதான். ஒவ்வொரு தாளுக்கும் ஒரு குணம் இருக்கு, அதைத் தெரிஞ்சுக்கிட்டு அதுக்கேத்த வேலையைக் குடுத்தா பாதி கஷ்டம் அங்கயே போயிடும்.

அதுக்கு முன்னாடி ஒரு பெரிய கேள்வி இருக்கு. புத்தகத்தை வெட்டலாமா?

நிறைய பேருக்கு மனசு கேக்காது. நல்ல மனசு அது, அந்தத் தயக்கம் போயிடவே கூடாதுன்னு நினைக்கிறேன். ஆனா அச்சடிச்ச தாள் எல்லாத்தையும் காலத்துக்கும் காப்பாத்தணும்னும் இல்ல. யாருமே இப்போ பயன்படுத்தாத ஒரு சாஃப்ட்வேருக்கு எழுதின எழுநூறு பக்க கைடு, மாறிப்போன வரிச் சட்டத்துக்கு விளக்கம், டெலிபோன் டைரக்டரி, நடுவுல ரெண்டு மூணு வால்யூம் தொலைஞ்ச என்சைக்ளோபீடியா, தண்ணில ஊறி பாதி பக்கம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்ட நாவல், இதெல்லாம் குப்பைக்குப் போறதுக்கு சுவத்துல தொங்குறது எவ்வளவோ மேல். நான் கத்தரியே வைக்க மாட்டேன்னு ஒதுக்கி வைக்கிறது முதல் பதிப்பு, சின்னப் பதிப்பகம் கொஞ்சப் பிரதி மட்டும் போட்டது, ஓரத்துல யாரோ பென்சில்ல குறிப்பு எழுதினது, உள்பக்கத்துல அன்புடன்னு கையெழுத்து போட்டது, தனியா அச்சடிச்சு ஒட்டின மேப்போ படமோ இருக்கிறது. தலைப்புப் பக்கத்துக்குப் பின்பக்கத்தைப் பாத்தீங்கன்னா பதிப்பு, வருஷம் எல்லாம் போட்டிருக்கும். அப்பவும் சந்தேகம் தீரலன்னா நூலக கேட்லாக் ஆன்லைன்லயே இருக்கு, பேரைப் போட்டுத் தேடுங்க, நிறைய நூலகத்துல இருக்குன்னா தைரியமா எடுக்கலாம்.

பத்திரிகை விஷயத்துல இன்னும் ஜாக்கிரதை வேணும். புத்தகத்தை அலமாரில வைக்கிற மாதிரி பத்திரிகையை யாரும் வைக்கிறதில்ல, படிச்சோமா போட்டோமான்னு போயிடும், அதனாலயே ஒரு பழைய பத்திரிகையோட முழு வருஷ இதழ்களும் சேர்த்து பைண்ட் பண்ணினது உங்ககிட்ட இருந்தா அது நூலகத்துல கூட இல்லாததா இருக்கலாம். அதைத் தொடாதீங்க. யாராவது ஆராய்ச்சி பண்றவங்களுக்கோ நூலகத்துக்கோ போகட்டும். அதுல ஒரு பக்கம் ரொம்பப் பிடிச்சிருந்தா ஸ்கேன் பண்ணி நல்ல தாள்ல லேசர் பிரிண்ட் எடுத்துக்கோங்க. இங்க்ஜெட் பிரிண்ட்ல நிறைய மை ஈரம் பட்டா கலங்கும், லேசர் பிரிண்ட் கலங்காது, பசை வேலைக்கு அதுதான் தோது.

வெட்டறது ஒண்ணும் நாம கண்டுபிடிச்ச பழக்கமும் இல்ல. அச்சு வந்த புதுசுல ஐரோப்பால கையால எழுதின பழைய பிரதிகளுக்கு மதிப்பு போயிடுச்சு, 15, 16ம் நூற்றாண்டு பைண்டர்கள் அந்தத் தோல் ஏடுகளைத் துண்டு துண்டா நறுக்கி புதுப் புத்தகத்தோட முதுகுக்குள்ளயும் அட்டைக்குள்ளயும் வச்சு பலப்படுத்தினாங்க. இன்னைக்கு ஆராய்ச்சியாளர்கள் அந்த அட்டைகளுக்குள்ள எட்டிப் பாத்து அந்தத் துண்டுகளைப் படிக்கிறாங்க, வேற எங்கயுமே மிஞ்சாத எழுத்து சிலது அங்கதான் கிடைக்குது. இதைப் படிச்சதுல இருந்து எந்தப் புத்தகத்தை வெட்டறதா இருந்தாலும் முதல் பக்கத்துலேருந்து கடைசி பக்கம் வரைக்கும் ஒரு தடவை புரட்டாம நான் ஆரம்பிக்கிறதே இல்ல. உள்ள ஒரு லெட்டர் இருக்கும், காஞ்ச இலை இருக்கும், பஸ் டிக்கெட் இருக்கும், அதெல்லாம் அப்புறம் கொலாஜ்ல, அதாவது துண்டு துண்டா ஒட்டிச் செய்யற படத்துல போய் உக்காரும்.

சரி, தாளுக்கு வருவோம்.

19ம் நூற்றாண்டோட நடுப்பகுதி வரைக்கும் ஐரோப்பால காகிதம் பெரும்பாலும் பழைய துணிலேருந்து செஞ்சாங்க, லினன், பருத்தி, கிழிஞ்ச சட்டை எல்லாம் ஊற வச்சு அடிச்சுக் கூழாக்கி. அப்புறம் பேப்பருக்கு கிராக்கி ஏறி மரக்கூழுக்கு மாறினாங்க. மரத்துல லிக்னின்னு ஒண்ணு இருக்கு, வெளிச்சமும் காத்தும் பட்டா அது பழுப்பாகும். அது போதாதுன்னு மை ஊறிப் பரவாம இருக்கிறதுக்காக படிகாரமும் ரோசின்ங்கிற மரப் பிசினும் சேர்த்தாங்க, அந்த அமிலம் உள்ளயே இருந்து வருஷக்கணக்குல நாரை அரிச்சு முறிச்சுடுது. அதனாலதான் முந்நூறு வருஷத்துப் புத்தகத்தோட தாள் இன்னும் வெளுப்பா வளையுது, அறுபது வருஷத்து மலிவு நாவல் தொட்டா உதிருது. பழைய புத்தகத்தோட வாசனைல வெனிலா மாதிரி லேசா ஒரு இனிப்பு வருமே, அதுவும் லிக்னின் சிதையும்போது வர்ற வெனிலின்தான். எனக்கு ரொம்பப் பிடிச்ச வாசனை அது.

உங்க தாள் எந்த நிலைமைல இருக்குன்னு பாக்க நூலகங்கள்ல பண்ற ஒரு சோதனையே போதும். பக்கத்தோட மூலையை முன்னாடி ஒரு தடவை மடிங்க, அதே கோட்டுல பின்னாடி ஒரு தடவை மடிங்க, இப்படியே திரும்பத் திரும்ப. ரெண்டு மூணு மடிப்புலயே மூலை கையோட வந்துடுச்சுன்னா அந்தப் புத்தகத்துல மடிப்பு வேலை, பூ, சுருள் எதுவும் செய்யாதீங்க. அதை அட்டை மேல தட்டையா ஒட்டி கொலாஜுக்குப் பின்னணியா வைக்கலாம், கண்ணாடி ஃபிரேமுக்குள்ள போடலாம், அந்தப் பழுப்பு நிறம் வேற எந்தப் பெயின்ட்லயும் வராது. மூலை ஒடியாம மடிப்பைத் தாங்குச்சுன்னா அது மடிக்கிறதுக்கும் சுருட்டறதுக்கும் நல்ல தாள்.

அடுத்தது கிரெயின். இதைப் பத்தி வீடியோக்கள்ல யாரும் வாயைத் திறக்கிறதே இல்ல, எனக்கு அது பெரிய வருத்தம். மெஷின்ல காகிதம் ஓடும்போது கூழ்ல இருக்கிற நாரெல்லாம் ஓடுற திசையிலயே படுத்துக்கும், அந்தத் திசைதான் கிரெயின். செய்தித்தாளை மேலேருந்து கீழ கிழிச்சா நேர்கோடா வரும், குறுக்க கிழிச்சா கோணல் மாணலா ஓடும், காரணம் இதுதான். நல்லா பைண்ட் பண்ணின புத்தகத்துல கிரெயின் முதுகுக்கு இணையா இருக்கும், அப்பதான் பக்கம் சாதுவா விரிஞ்சு படுக்கும். தெரியாத தாளா இருந்தா ஒரு ஓரத்துல சின்னதா சதுரமா வெட்டி ஒரு பக்கம் மட்டும் ஈரம் தடவிட்டு உள்ளங்கைல வச்சுக்கிட்டு பாருங்க. கொஞ்ச நேரத்துல அது தானா சுருள ஆரம்பிக்கும். சுருண்டு குழாய் மாதிரி ஆகும்ல, அந்தக் குழாய் நீளுற திசைதான் கிரெயின். நார் ஈரம் குடிச்சா நீளத்துல கிட்டத்தட்ட மாறவே மாறாது, அகலத்துலதான் உப்பும், அதனால ஈரம் பட்ட பக்கம் மட்டும் அகலமாகி தாள் வளையுது. அந்த சின்ன சதுரம் கண்ணு முன்னாடி உயிரோட அசையுற மாதிரி சுருளுறதைப் பாத்தா அதுக்கப்புறம் எந்தத் தாளையும் சாதாரணமா எடுக்கத் தோணாது.

இது தெரிஞ்சா என்ன லாபம்னா, மடிப்பு கிரெயினோட போனா கூர்மையா வரும், குறுக்க போனா பிசிறும். ஸ்ட்ரிப் வெட்டி சுருட்டறதா இருந்தா கிரெயின் ஸ்ட்ரிப்போட அகலத்துல போற மாதிரி வெட்டணும். பூவிதழோட நுனியை பென்சில்ல சுத்தி வளைக்கிறோம்ல, அந்தப் பென்சில் கிரெயினுக்கு இணையா இருக்கிற மாதிரி இதழை வெட்டிக்கிட்டா ஒரு தடவை சுத்தினாலே போதும், அப்படியே நிக்கும். பசை போட்டதும் தாள் அலை அலையா நெளியறதும் இதே கதைதான், அகலத்துல உப்பின தாள் ஒட்டின இடத்துல நகர முடியாம மேல எழும்புது. அதுக்கு பைண்டர்கள் பண்ற வழி, ஒட்டப் போற தாளோட பின்பக்கத்தை முதல்லயே ஈர ஸ்பாஞ்சால லேசா தொட்டு ரெண்டு மூணு நிமிஷம் விட்டுடறது, உப்ப வேண்டியதெல்லாம் உப்பி முடிச்சதும் பசை தடவி நடுவுலேருந்து வெளிப்பக்கமா நீவி விடறது, மேல ஒரு மெழுகுத் தாள் போட்டு கனமான புத்தகத்தை அடுக்கி ராத்திரி முழுக்க அப்படியே வைக்கிறது. பசையைப் பொறுத்தவரைக்கும் பெரிய தாளுக்கு நான் கோதுமை மாவுல காய்ச்சின பசைதான், மெதுவா காயும், நகர்த்தி சரி பண்ண நேரம் இருக்கும், பிற்காலத்துல தண்ணி வச்சு எடுத்துடவும் முடியும். பிவிஏன்னு சொல்ற வெள்ளைப் பசை சின்னத் துண்டுகளுக்கும் பூ கட்டறதுக்கும் வேகமா பிடிக்கும்.

இப்போ பத்திரிகை. பளபளப்பான பத்திரிகைத் தாளுக்கு மேல வெள்ளைக் களிமண்ணோ கால்சியம் கார்பனேட்டோ பூசியிருக்கும், அதான் அந்த வழவழப்பு, அதான் ஒரு பத்திரிகை அவ்வளவு கனமா இருக்கு. பசை சீக்கிரம் உள்ள இறங்காது, அழுத்தி மடிச்சா பூச்சு வெடிச்சு வெள்ளைக் கோடு தெரியும், அதனால மடிக்கிறதுக்கு முன்னாடி மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால ஸ்கேல் வச்சு ஒரு கோடு அழுத்திக்கணும். ஆனா நிறம்! புத்தகத்துல கிடைக்கவே கிடைக்காத நிறமெல்லாம் பத்திரிகைல கொட்டிக் கிடக்கு. என்னோட ஒரே வேண்டுகோள், பத்திரிகையைப் புரட்டும்போது படத்தைப் பாக்காதீங்க, நிறத்தைப் பாருங்க. ஒரு கார் விளம்பரத்துல காருக்குப் பின்னாடி இருக்கிற வானம் எத்தனை நீலம்னு பாருங்க, ஒரு மாடலோட கழுத்துல விழற நிழல் எத்தனை பழுப்பு. அதையெல்லாம் கிழிச்சு நீலம் ஒரு கவர், பச்சை ஒரு கவர், தோல் நிறம் ஒரு கவர்னு போட்டு வச்சுக்கிட்டா அதுதான் உங்க பெயின்ட் பாக்ஸ். மேரி டெலானின்னு 18ம் நூற்றாண்டு இங்கிலாந்துல ஒரு பாட்டி, 1772ல எழுபத்திரண்டு வயசுல நிறத் தாள் வெட்டி ஒட்டி செடி கொடிகளை உருவாக்க ஆரம்பிச்சாங்க, ஒரே பூவுக்கு நூத்துக்கணக்குல துண்டு, பின்னணி முழுக்க கறுப்பு, கண் பார்வை மங்கற வரைக்கும் தொள்ளாயிரத்துக்கு மேல செஞ்சாங்க, இன்னைக்கு பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு. எழுபது தாண்டி ஆரம்பிச்ச அந்த அம்மாவை நினைச்சாலே எனக்கு கத்தரிக்கோலை எடுக்கத் தோணும்.

பத்திரிகைத் தாளோட இன்னொரு பலம் குழாய். பக்கத்தை ஒரு மூலையிலேருந்து பின்னல் ஊசியோ மெல்லிசான கம்பியோ வச்சு சாய்வா சுருட்டிக்கிட்டே போங்க, கடைசி மூலைல மட்டும் ஒரு சொட்டு பசை, ஊசியை உருவிடுங்க. சாய்வா சுருட்டினா பக்கத்தோட நீளத்தை விட நீளமான குழாய் வரும், ஒரு முனை கொஞ்சம் அகலமாவும் இன்னொரு முனை ஒடுங்கியும் இருக்கும், அடுத்த குழாயோட ஒடுங்கின முனையை அந்த அகல முனைக்குள்ள சொருகினா எவ்வளவு நீளம் வேணாலும் போகலாம். அதை அப்படியே கூடை பின்னலாம். தட்டையா அழுத்தி வட்டமா சுத்திக்கிட்டே வந்தா டம்ளர் வைக்கிற கோஸ்டர், நடுவுல விரலால மெதுவா கீழ தள்ளினா அதுவே கிண்ணமா குழிஞ்சு வரும், உள்ளயும் வெளியயும் பசை பூசி காய வச்சா சாவி, சில்லறை போட்டு வைக்கிற அளவுக்கு கெட்டியா நிக்கும். எந்தப் பக்கத்தோட எந்த நிறம் எந்த வரிசைல வந்து விழும்னு சுத்தி முடிக்கிற வரைக்கும் தெரியாது, அதுதான் அதோட சந்தோஷமே.

கொலாஜ்னு எடுத்துக்கிட்டா 1912ல பிராக்கும் பிக்காசோவும் ஓவியத்துக்குள்ள சுவர்த்தாளையும் செய்தித்தாளையும் ஒட்டினதுலேருந்துதான் அதைப் பெரிய கலையா எல்லாரும் பாக்க ஆரம்பிச்சாங்க. பிக்காசோவோட அந்தப் படங்கள்ல இருக்கிற செய்தித்தாள் இன்னைக்கு பழுப்பா தெரியுதே, ஒட்டும்போது அது வெளிர் நிறம், நாம மேல பேசின அதே லிக்னின் வேலை. அதனால செய்தித்தாள் ஒட்டறதா இருந்தா நாளைக்கு அது பழுப்பாகும்ங்கிறதையும் கணக்குல சேர்த்தே நிறம் தேர்ந்தெடுங்க. எனக்கு இவங்களை விட ஹன்னா ஹோக்தான் நெருக்கம். அவங்க பெர்லின்ல உல்ஸ்டைன்னு ஒரு பெரிய பத்திரிகை நிறுவனத்துல பத்து வருஷம் எம்பிராய்டரி, லேஸ் டிசைன் வரைஞ்சு குடுக்கிற வேலைல இருந்தவங்க, பத்திரிகைப் படங்களையே வெட்டி ஒட்டி அந்தக் காலத்து அரசியல்வாதிங்களையும் பெண்களை பத்திரிகை எப்படிக் காட்டுதுங்கிறதையும் கேள்வி கேட்டாங்க. ஒரு தலையை வேற உடம்பு மேல வச்சா ரெண்டோட அர்த்தமும் மாறிடுதுங்கிறது அவங்க வேலையைப் பாத்தா புரியும்.

கத்தரியே வேணாம்னு நினைக்கிறவங்களுக்கு மடிப்பு இருக்கு. சின்ன சைஸ்ல தடிமனா, முதுகுல பசை போட்டு ஒட்டின பத்திரிகையோ பேப்பர்பேக்கோ எடுத்து அட்டையை மட்டும் கழட்டிடுங்க. ஒவ்வொரு பக்கத்துக்கும் மேல் மூலையை முதுகோட சேர்ற மாதிரி மடிக்கணும், வந்த சாய்வு விளிம்பை மறுபடியும் முதுகோட சேர்த்து மடிக்கணும், கீழ நீட்டிக்கிட்டு நிக்கிற முக்கோணத்தை மேல மடக்கி உள்ள விட்டுடணும். மூணே மடிப்பு, கடைசி பக்கம் வரைக்கும் அதேதான். பாதிக்கு மேல போகும்போது புத்தகம் தானா விரிஞ்சு நிமிர்ந்து உக்கார ஆரம்பிக்கும், முடிச்சதும் வட்டமா கூம்பு மரமா மேஜைல நிக்கும். எழுத்து, இதயம் மாதிரி வடிவம் வரவழைக்கிற மடிப்பு வேற, அதுக்கு நூல் வச்சு தைச்ச கெட்டி அட்டைப் புத்தகம் வேணும், வடிவத்தை மெல்லிசு மெல்லிசா செங்குத்துக் கீற்றா பிரிச்சு ஒவ்வொரு தாள்லயும் அந்தக் கீற்று எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு ரெண்டு புள்ளி வச்சு மேலயும் கீழயும் மடிக்கணும். பொறுமை இருந்தா யாரு வேணாலும் பண்ணலாம்.

கடைசியா எழுத்தையே வச்சு பண்றது. ஒரு பக்கத்துல வேண்டிய சொல்லை மட்டும் விட்டுட்டு மிச்சத்தை மை பூசி மறைச்சா அந்தப் பக்கத்துக்குள்ளயிருந்தே ஒரு கவிதை வெளிய வரும். டாம் ஃபிலிப்ஸ்னு ஒரு பிரிட்டிஷ் ஓவியர் 1966ல ஒரு பழைய நாவலை எடுத்து அதோட ஒவ்வொரு பக்கத்து மேலயும் இப்படி வரைஞ்சு, திரும்பத் திரும்ப மாத்தி, 2016 வரைக்கும் அதையே பண்ணினார். தமிழ்ப் பக்கத்துல இதைப் பண்றதுல தனி ருசி இருக்கு. விகுதி எல்லாம் சொல்லோட ஒட்டிக்கிட்டே வரும், அதனால முழுச் சொல்லா எடுக்க முடியலையேன்னு முதல்ல தடுமாறும், ஆனா சொல்லுக்குள்ள இருக்கிற சொல்லைப் பாக்கப் பழகிட்டா பக்கம் முழுக்க புதையல். விடுகதைல பின்னாடி பாதியை மறைச்சா விடு, முன்னாடி பாதியை மறைச்சா கதை. வானம்பாடில வானம். மழைக்காலத்துல மழையும் இருக்கு காலமும் இருக்கு. சொற்களை முதல்ல பென்சில்ல லேசா வட்டம் போட்டுக்கோங்க, மேலேருந்து கீழ படிக்கிற வரிசைல ஓட்டம் வருதான்னு வாய்விட்டுப் படிச்சுப் பாருங்க, அப்புறமா மை. மார்க்கர் மை பின்பக்கம் ஊறலாம், அக்ரிலிக் பெயின்ட் ஊறாது.

பராமரிப்பு பத்தி ரெண்டு வார்த்தை. வெயில் நேரா விழற சுவத்துல எதையும் மாட்டாதீங்க. பக்கங்களால விளக்குக் கூடு செஞ்சா சூடாகாத எல்இடி பல்பு மட்டும்தான், அதுவும் தாள் பல்பைத் தொடாத தூரத்துல. பூச்சி இருக்கோன்னு சந்தேகமா இருக்கிற புத்தகத்தை பிளாஸ்டிக் கவர்ல காத்து புகாம கட்டி டீப் ஃப்ரீசர்ல ரெண்டு வாரம் வச்சுட்டு, வெளிய எடுத்தும் கவரைப் பிரிக்காம அறைச் சூட்டுக்கு வர விட்டு அப்புறம் திறங்க. பூஞ்சை பிடிச்ச புத்தகம்னா யோசிக்கவே வேணாம், வீட்டுக்குள்ள கொண்டு வராதீங்க.

அப்புறம் செஞ்சு முடிச்ச ஒவ்வொண்ணோட பின்பக்கத்துலயும் அது எந்தப் புத்தகம், யார் எழுதினது, எந்த வருஷப் பதிப்பு, எந்தப் பக்கம்னு எழுதி வைங்க. பாக்கிற யாராவது அந்தப் பாதி வரியைப் படிச்சுட்டு மிச்சம் என்னன்னு கேட்டா முழுப் பிரதியை நூலகத்துல தேடிக்க வழி இருக்கணும். பென்சில்லயே எழுதுங்க, பேனா மை மெல்லிசுத் தாள்ல ஊறி முன்பக்கம் தெரிஞ்சுடும்.